பேச்சி தப்பிக்காத பக்கம்

என் ஆக்னஸ் அக்காவுக்கு,

உங்கள் புத்தகம் வந்துவிட்டது. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கட்டி, கஸ்டம்ஸ்காரர்கள் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பார்த்து ஒட்டிய கட்டு. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "மாதாஜி, விலாயத் சே ஆயா ஹை", சீமையிலிருந்து வந்திருக்கிறது என்று ஏதோ கல்யாணப் பரிசு மாதிரி நீட்டினார். உள்ளே நாலைந்து பிரதிகள், மேலே உங்கள் வீட்டுக்காரரின் கடிதம். அதை இன்னும் பிரிக்கவில்லை. புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தேன். அட்டையில் உங்கள் பெயர் பெரிதாக. உள்பக்கத்தில் நீங்கள் பிறந்த வருஷமும் மறைந்த வருஷமும், நடுவில் ஒரு கோடு. போன மாசியில் சேதி வந்தபோது அழுதேன்தான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். என் மகள் மீனா நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போனாள். கையைத் தட்டிவிட்டேன்.

"ஏன்மா? உனக்குத்தான் முடிவு தெரியுமே!"

"தெரிஞ்சதுனாலதாம்ளா பயமா இருக்கு. போ, ரொட்டி ஆறுது, தின்னு."

அந்தக் கடைசிப் பக்கம் நீங்கள் எழுதினபடியே இருக்கிறதா, இல்லையா? அதைப் பார்க்கிற தைரியம் வரும்வரை உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் காலனி பஜனை மண்டலியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். உங்களை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இங்கிலீஷில் பேசியதெல்லாம் இங்கே என் தமிழில் வரும். அதற்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி டில்லி மோதி பாக் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு, லைப்ரரி வேனில் மீனாவுக்கென்று எடுத்த உங்கள் புத்தகங்களை வைத்துத்தான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். மடியில் ஒரு பக்கம் அகராதி, மறுபக்கம் நீங்கள். கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கும் நாலு பிள்ளைகள், ஒரு ஒற்றைக்கண் நாய். ஒவ்வொரு கதையிலும் கடைசியில் கடத்தல்காரன் பிடிபடுவான், எல்லாரும் உட்கார்ந்து கேக் தின்பார்கள். கேக்கில் முட்டை சேரும் என்று தெரியாத காலம், எனக்கும் நாக்கில் நீர் ஊறும்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கதை சொல்ல வந்த அன்று, கூட்டத்தில் எழுந்து நின்று நான் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "புதுப் புத்தகம் ஏன் வரலை? நாய் செத்துப்போச்சா?"

டீச்சர்கள் பல்லைக் கடித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "நாய் சாகவில்லை. நான்தான் அதனிடமிருந்து ஓடி வந்துவிட்டேன்."

யுத்த காலத்தில் லண்டன் பிள்ளைகளைக் கடலோர ஊர்களுக்கு அனுப்பினார்களாம். உங்கள் அப்பா வீட்டிலும் சிலர் வந்து தங்க, அம்மாவைத் தேடி அழுத அந்தப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதைதான் உங்கள் முதல் புத்தகம். அதன்பின் வருஷத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம், ஒரு கேக். நடுவில் நீங்கள் ஆசைப்பட்டுச் சரித்திரக் கதைகள் எழுதினீர்கள். ரோமாபுரிக்காரர்களுக்குச் சாலை போடக் கல் உடைத்த பையனைப் பற்றி ஒன்று. கொள்ளை நோய் வந்த கிராமத்தில் யாரையும் வெளியே விடாமல் வாசலில் காவல் நின்ற பெண்ணைப் பற்றி ஒன்று. பத்திரிகைகள் புகழ்ந்தன, கடையில் யாரும் வாங்கவில்லை. "நாயிடமே திரும்பிப் போங்கள்" என்றார்களாம் பதிப்பாளர்கள். நீங்கள் போகவில்லை. ரொம்ப வருஷம் எதுவுமே எழுதவில்லை.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரருக்குத் தூதரக வேலையில் டில்லிக்கு மாற்றல். சாணக்யபுரி வீட்டில் பழைய பட்டாளத்துக் குறிப்பு ஒன்றைப் படிக்கப்போய், எங்கள் தெற்கத்திச் சீமையில் ஒரு மண்கோட்டையை வெள்ளைக்காரக் கும்பெனிப் பட்டாளம் வளைத்துப் பிடித்த கதை உங்கள் கையில் சிக்கியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை என்று அதில் ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் இருந்த ஒரு சின்னப் பெண்ணை நீங்கள் தேடி எடுத்தீர்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டீர்கள். பேச்சி என்றேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பேச்சி உண்டு.

கையால் செய்து பார்க்காத எதையும் எழுத மாட்டீர்கள். கடைசி அத்தியாயத்துக்காக ஒரு நாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு டில்லிக்கு வெளியே ஒரு கிராமத்துக் கிணற்றடிக்குப் போனீர்கள். ஒரு குடம் தண்ணீர் இறைத்துவிட்டு, கயிறு காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று வெயிலில் உட்கார்ந்து பார்த்தீர்கள். தண்ணீருக்கு வந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள், "இந்த மேம்சாபுக்கு வீட்டில் வேலையே இல்லையா, பஹன்ஜி?" இதுதான் இவங்க வேலை என்றேன். அவள் நம்பவில்லை.

அந்தக் கயிறு எதற்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது. புத்தகம் முடிந்து, அச்சுக்கூடத்திலிருந்து பிழை பார்க்கும் திருத்தப் படிகள் வந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் உங்கள் விழித்திரை கிழிந்து, ஆபரேஷன் ஆகி, இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். அசையக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூதரகத் தபால் பையில் திருத்தப் படிகள் லண்டனுக்குப் போய்விட வேண்டும் என்று பதிப்பாளர் உத்தரவு. தவறினால் புத்தகம் அந்த வருஷத்துக்கு இல்லை. அப்புறம் எந்த வருஷத்துக்கும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

படித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதி முடித்துவிட்டு மத்தியானம் பஸ் பிடித்து வருவேன். நான் வாசிக்க வாசிக்க, நீங்கள் சொல்லுகிற திருத்தத்தை ஓரத்தில் நானே பேனாவால் போடுவேன்.

ஒரே ஒரு தகராறு. பாராயணத்தில் எங்களுக்கு ஒரு நியமம் உண்டு. சாவிலோ துக்கத்திலோ புத்தகத்தை மூட மாட்டோம். நல்ல இடம் வரும்வரை தள்ளிப் படித்துவிட்டுத்தான் நிறுத்துவோம். உங்கள் கதையிலோ ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்தில்தான் முடியும். அடுத்த பக்கம் புரட்ட வைக்க வேண்டுமே, அதுதான் உங்கள் தொழில். முற்றுகை தொடங்கிய பிறகு நல்ல இடமே வரவில்லை. ஒரு நாள் அத்தியாயம் அத்தியாயமாகத் தள்ளிப் படித்துக்கொண்டே போய் மோதி பாக் பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டில் இவர் வாசலிலேயே நின்றார்.

"என்ன கோமதி, அங்கேயே குடியேறிட்டியோன்னு பாத்தேன்."

"கோட்டைய வளைச்சிட்டாங்க. எப்படிப் பாதியில விட்டுட்டு வாரது?"

"வளைச்சு எரநூறு வருசம் ஆச்சு. இங்க மீனாவுக்கு இன்னும் சோறு ஆவல."

கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை. கடைசிப் பக்கம். கும்பெனிப் பட்டாளத்தில் முரசடிக்கிற வெள்ளைக்காரப் பையன் டாம் விடிந்ததும் கோட்டைக்குள் நடந்து வருகிறான். சத்தமே இல்லை. கிணற்றடியில் பாதி நிரம்பிய குடம். கயிறு இன்னும் ஈரமாக இருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. கொஞ்சம் முன்னால்வரை அவள் அங்கே நின்றிருக்கிறாள் என்பதைக் கயிறுதான் சொல்கிறது.

அந்தப் பக்கத்தின் கீழே பதிப்பாளரின் கடிதம் குத்தியிருந்தது. அதையும் வாசித்தேன். பள்ளிக்கூடங்கள் வாங்க வேண்டுமானால் முடிவில் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும். டாம் பின்பக்கச் சின்னக் கதவான திட்டிவாசலைத் திறந்து அந்தப் பெண்ணை ஓடவிட்டால் போதும். இரண்டு மூன்று வரிதான், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். இல்லாவிட்டால் இதை வெளியிடுவது கஷ்டம்.

எனக்கு உயிர் வந்தது.

"அக்கா, அவங்க சொல்லுததுல என்ன தப்பு? பிள்ள பிழைச்சு ஓடிப்போவுது."

"யார் திறந்துவிடுகிறார்கள், கோமதி?"

"டாம்."

"டாம் யார்?"

"உங்க ஊர்ப் பையன்."

"ஆமாம். அன்றைக்கு அந்தக் கோட்டைக்குள் போன எங்களவர்களில் நல்லவன் ஒருவன் இருந்தான், அவன் கதவைத் திறந்துவிட்டான் என்று எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்களை அப்படித் தூங்கவைத்தே பேர் வாங்கினவள் நான். இந்த ஒரு தடவை வேண்டாம்."

"அது உங்க பிள்ளைகளுக்கு. எம் பிள்ளைக்கு? எங்க ஊர்ப் புள்ள ஒண்ணு கதையில வாரத மீனா இப்பதான் மொத மொதல்ல படிக்கப் போறா. அதையும் கொன்னுதான் காட்டணுமா?"

கட்டுக்குக் கீழே உங்கள் உதடு மட்டும் அசைந்தது. அழக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். கடைசியில், "அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நடக்காததை எழுத மாட்டேன். முடிவு அப்படியே நிற்கட்டும் என்று ஓரத்தில் எழுது" என்றீர்கள்.

வெளியே, தபால் பையை எடுத்துப் போக வந்த டிரைவர் ஹாரன் அடித்தான். மை தீர்ந்துவிட்டது என்று வராந்தாவுக்குப் போனேன். அங்கே உங்கள் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மைப்புட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த மூன்று வரியை எழுதிவிடுங்கள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். இந்தக் கண்ணோடு அவள் இன்னொன்று எழுதப் போவதில்லை. இது வெளியே வந்தால் போதும்."

அக்கா, பேனாவில் மை நிரப்பிக்கொண்டே யோசித்தேன். அவருக்கும் அதே ஆசை, பதிப்பாளருக்கும் அதே ஆசை, எனக்கும் அதே ஆசை. எழுத வேண்டிய வரிகள் கூட எனக்குத் தயாராக இருந்தன, உங்கள் புத்தகங்களிலிருந்தே கற்ற வார்த்தைகளில். நீங்கள் ஒருவர்தான் வேண்டாமென்றவர், நீங்கள் ஒருவர்தான் பார்க்க முடியாதவர்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதை மட்டும் எழுதினேன். வாசித்தும் காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றீர்கள்.

"இவ்வளவுதான்."

நீங்கள் கையை நீட்டித் தாளை வாங்கி, ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தீர்கள், பேனா அழுந்தின இடம் எத்தனை என்று. எனக்குச் சுருக்கென்றது.

"எம் மேல சந்தேகமா?"

"இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் எழுதியிருப்பேன். அதனால்தான்."

தாளை அடுக்கி வைத்தேன். ஹாரன் மறுபடியும். உங்கள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். தாள் கட்டுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஈரக் கயிற்றோடு மூட முடியாது என்றேன். பாராயணம் முடிந்த கையோடு முதல் பக்கத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் கட்டுவோம். அவர் மேலே பார்த்து ஆண்டவரைக் கூப்பிட்டார். நீங்கள், "படிக்கட்டும், இரண்டு நிமிஷம்" என்றீர்கள். பேச்சி ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடிவருகிற முதல் பக்கத்தை ரயிலுக்கு ஓடுகிற வேகத்தில் வாசித்துக் கொடுத்தேன். பை போய்விட்டது.

பதில் வருவதற்குள் உங்கள் மாற்றல் வந்தது. ஒரு கண் மட்டும் மங்கலாகத் திரும்பி வந்திருந்தது. அதை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ இவ்வளவு குள்ளமா?" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்று சனி. நேற்றுப் படித்து முடித்துவிட்டேன் அக்கா.

மாற்றிவிட்டார்கள்.

டாம் திட்டிவாசலைத் திறக்கிறான். பேச்சி பனங்காட்டுக்குள் ஓடுகிறாள். திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறாள். டாமும் கையசைக்கிறான். சூரியன் உதிக்கிறது. கிணறே இல்லை. நான் வராந்தாவில் நின்று மனசுக்குள் தயாராக வைத்திருந்த வரிகளுக்கு ரொம்பத் தூரமில்லை.

நான் ஆசைப்பட்டது கையில் அச்சாகி இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டாமா? உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

அப்புறம்தான் உங்கள் வீட்டுக்காரரின் கடிதத்தைப் பிரித்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "நீங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பீர்கள். அவள் போன பிறகு என்னிடம் கேட்டார்கள், நான் சம்மதித்தேன். அவள் பெயர் மறுபடியும் கடையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சரியா, தப்பா, தெரியவில்லை." அவர் மேல் கோபித்துக்கொள்ளவும் எனக்கு முடியவில்லை. உங்கள் பெயர் போட்ட அட்டையை நானும்தானே சாமி மாடத்தில் வைத்தேன்?

மீனா பின்னாலிருந்து எட்டிப் படித்துவிட்டாள்.

"அம்மா, பேச்சி பச் கயி! பிழைச்சிட்டா! அச்சா ஹுவா நா, நல்லதுதானே? நீ ஏன் அழுற?"

"இது அக்கா எழுதினது இல்லட்டி."

"பின்ன அவங்க என்ன எழுதினாங்க?"

எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். தோத்திரங்கள் மாதிரி, ஒருமுறை வாசித்தால் எனக்கு நிற்கும்; அதையோ அன்றிலிருந்து மனசுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்! இங்கிலீஷில் சொன்னேன். கயிறு இன்னும் ஈரமாக இருந்தது என்பதோடு நிறுத்தினேன். மீனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் வரும் என்று.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சீ, இது நல்லாவே இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா, அந்தக் கோட்டை நிஜமா இருந்துச்சா?"

"நம்ம ஊருக்குத் தெக்க போனா மண்மேடாக் கெடக்கும். ஆடு மேயும்."

"உள்ள இருந்தவங்க எல்லாரையுமா கொன்னாங்க? சின்னப் புள்ளைங்களையுமா? யாரும் ஏன்னு கேக்கலியா? எங்க ஹிஸ்டரி புக்ல ஏன் இல்ல?"

கலங்கரை விளக்கம் முழுவதையும் படித்தவள், கேக் எப்படிச் செய்வது என்பதைத் தவிர ஒரு கேள்வி கேட்டதில்லை அக்கா. என் பிள்ளைக்கு என்ன என்று அன்று உங்களிடம் சண்டை போட்டேனே? நீங்கள் பதில் இல்லை என்றீர்கள். பதிலா இது என்று எனக்கும் தெரியவில்லை. அவள் முகம் வாடியிருந்தது, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் இன்று காலையிலும் அதையேதான் கேட்டாள். கை அசைத்துவிட்டு ஓடின பேச்சியை நேற்றே மறந்துபோயிருப்பாள்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பார்சலில் வந்த பிரதிகள் பள்ளிக்கூடத்துக்கும் லைப்ரரி வேனுக்கும் போகும். போகுமுன் ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தின் எதிரே, நீங்கள் எழுதினதை நான் என் கையால் எழுதி ஒட்டுவேன், இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அச்சானதைக் கிழிக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் ஆசையும் அங்கேயே இருக்கட்டும். எது யார் எழுதியது என்று மேலே போட்டுவிடுவேன். லண்டனுக்கும் ஒரு கடிதம் எழுதுவேன். என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கட்டும், அது நீங்கள் கொடுத்த இங்கிலீஷ்.

சனிக்கிழமைகளில் காலனிப் பிள்ளைகளுக்குப் பேச்சி கதையைத் தமிழில் வாசிக்கப் போகிறேன். கடைசி நாள் வரும்போது, ஈரக் கயிற்றில் நிறுத்துவேன். நல்ல இடம் தேடித் தள்ளிப் போக மாட்டேன், முதல் பக்கத்துக்கும் திரும்ப மாட்டேன். என் வாழ்நாளில் ஒரு புத்தகத்தை அப்படி மூடினதில்லை. பகவான் கோபித்துக்கொண்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உட்காரட்டும். கேட்கிறதைக் கேட்கட்டும். இது உங்களுக்கு என் சத்தியம்.

உங்கள் தங்கை, பேச்சிக்குச் சித்தி,
கோமதி
மோதி பாக், டில்லி